முதல் நூறு வாசகர்கள்
(புதிய தமிழ் இதழ் ஒன்றை வளர்த்தெடுப்பது பற்றிச் சில எண்ணங்கள்)

சென்னையிலிருந்து வடக்கே வரும் மின்சார ரயில் கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டித் தடாவுக்குள் நுழையும்போது பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறிவிடுகிறது. பேச்சு மாறுவதில்லை. பெட்டிக்குள் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். சூளூர்பேட்டையில் இறங்கும் நம்மவர் வீடுகளிலும் இதே நிலைதான். காதில் தமிழ் இருக்கிறது, கண்ணில் இல்லை. நம் சங்கம் மறுபடியும் ஓர் இதழ் தொடங்க வேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கும் இவ்வேளையில், புதிய இதழ் ஒன்று எப்படி வளர்கிறது, எதனால் நின்று போகிறது என்பதைத் தமிழ் இதழியல் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

"மறுபடியும்" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து நான்கு பக்கத்தில் ஒரு செய்தி மடல் கொண்டுவந்தோம். நகலெடுத்து வீடு வீடாகக் கொடுத்தோம். நான்காவது இதழோடு அது நின்றது. அந்த நான்காவது இதழைக் கொடுக்கப்போன ஒரு வீட்டில், மூத்த அம்மையார் ஒருவர் முந்தைய மூன்று இதழ்களையும் மடிப்புக் கலையாமல் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார். "நல்லாத்தான் இருக்கும்ப்பா, யாராச்சும் படிச்சுக் காட்டினா கேப்பேன்" என்றார். அவருக்குக் கண் மங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பேரனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. மகனும் மருமகளும் வேலை முடிந்து வர இரவாகிவிடும். மடல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, ஆனால் ஒரு கண்ணுக்கும் போய்ச் சேரவில்லை. நாங்கள் பிரதிகளை எண்ணிக்கொண்டிருந்தோமே தவிர வாசகரை எண்ணவில்லை என்பது அன்றுதான் விளங்கிற்று.

இதழ்கள் ஏன் நிற்கின்றன?

பணமில்லாமல் நிற்கின்றன என்பதே பொதுவான பதில். அது பாதி உண்மை. முதல் இதழுக்கு ஆர்வம் மிகுதி. எல்லாரும் எழுதுவார்கள், வாழ்த்துக் குவியும். இரண்டாவதற்கு ஆசிரியரும் அவர் நண்பரும் எழுதுவார்கள். மூன்றாவதற்கு ஆசிரியர் மட்டுமே எழுதுவார். நான்காவது தாமதமாகும். "எப்ப சார் அடுத்தது?" என்று ஒருவரும் கேட்கவில்லையென்றால் அதோடு சரி. கேட்பதற்கு ஒரு நூறு பேர் இருந்துவிட்டால் பணமும் வரும், எழுத்தும் வரும். ஆகவே புதிய இதழுக்கு முதல் முதலீடு தாளும் மையும் அல்ல, காத்திருக்கும் வாசகர்கள்தாம். அந்த வாசகர்கள் எங்கோ தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. அவர்களை இதழே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நம் முன்னோடிகள் இதை எவ்வாறு செய்தார்கள் என்று பார்ப்போம்.

வாசன் செய்தது

1926-இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய ஆனந்த விகடன் தள்ளாடிக்கொண்டிருந்த வேளையில், 1928-இல் எஸ்.எஸ்.வாசன் அதை விலைக்கு வாங்கினார். பெயரில் உள்ள எட்டு எழுத்துக்கு, எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் கொடுத்தார் என்பார்கள். வாசன் விளம்பரத் தொழிலிலும், தபால்வழி வியாபாரத்திலும் அனுபவப்பட்டவர். ஒரு பொருளை அடுத்தமுறையும் கேட்டு வாங்கச் செய்வது எப்படி என்பது அவருக்குத் தெரியும்.

1930-களில் அவர் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டி விகடனின் விற்பனையை வெகுவாக உயர்த்தியது. பரிசுப் பணம் ஒரு காரணம்தான். அதைவிட முக்கியமானது, வாசகர் கையில் பேனாவைக் கொடுத்ததுதான். படித்துவிட்டு மூலையில் போடும் தாள், எழுதித் திருப்பி அனுப்பும் தாளாக மாறியது. விடை தெரிந்துகொள்ள அடுத்த இதழ் கட்டாயம் வேண்டும். ஆனால் போட்டி ஆளைக் கூட்டி வரும், நிறுத்தி வைக்காது. நிறுத்தி வைத்தது கல்கியின் நகைச்சுவையும் தொடர்கதையும். 'கள்வனின் காதலி', 'தியாக பூமி' ஆகியவை வாராவாரம் வந்தபோது, அந்த நாள் வீடுகளில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பது வழக்கமாயிற்று. ஒரு பிரதிக்கு ஐந்தாறு பேர்! எழுத்தறியாதவரும் அதன் வாசகரே.

1942-இல் சி.பா.ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியும் இவ்வழியில்தான் பரவியது. பேச்சுக்கு நெருங்கிய எளிய சொல், பெரிய எழுத்தில் தலைப்பு, குறுகிய வாக்கியம். டீக்கடையில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியவருக்கு அந்தத் தலைப்புகளே பாடப் புத்தகமாயின. தனக்கு வேண்டிய வாசகரைத் தானே தயாரித்துக்கொண்ட இதழ் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை எனலாம்.

தோளில் பையோடு இருவர்

பெரும் முதலீடு இல்லாதவர்கள் என்ன செய்வது? இதற்கு இருவரைச் சொல்ல வேண்டும்.

ஒருவர் சி.சு.செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து' என்ற இதழைச் சென்னையில் தொடங்கினார். 1970 வரை 119 இதழ்கள் வந்தன. அது சில நூறு சந்தாதாரர்களை நம்பிய இதழ்; இலக்கிய விமர்சனமும் புதுக்கவிதையுமே அதன் உள்ளடக்கம். செல்லப்பா தம் வெளியீடுகளைப் பையில் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். கைப்பொருளையும் இழந்தார். கணக்குப் பார்த்தால் தோல்விதான். ஆனால் அந்தச் சில நூறு பேர் யார் என்று பாருங்கள். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த நகுலன், நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி, வேலை நிமித்தம் வட இந்தியாவில் இருந்த வெங்கட் சாமிநாதன், இலங்கைத் திருகோணமலையில் இளைஞராக இருந்த பிரமிள். வாசித்தவர்களே எழுதினார்கள். 1962-இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்தபோது தமிழ்ப் புதுக்கவிதைக்கு ஒரு வரிசையே உருவாகியிருந்தது. இவர்களில் பலர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள் என்பது நமக்குக் குறிப்பிடத்தக்கது.

மற்றவர் யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவா. முடிதிருத்தும் நிலையம் நடத்தியவர். 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதிக்கு இலங்கையின் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். 1966-இல் அவர் தொடங்கிய 'மல்லிகை' நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வந்தது. அவரும் பிரதிகளைச் சுமந்து தெருத்தெருவாகப் போய்க் கையில் கொடுத்து விற்றார். போகிற இடத்தில் பேசுவார், கதை கேட்பார், "எழுதித் தாரும்" என்பார். இன்னொன்றும் செய்தார். மல்லிகையின் அட்டையில் நம்மிடையே வாழும் எழுத்தாளர், கலைஞர், தொண்டர் ஆகியோரின் படங்களைப் போட்டார். ஊர்க்காரர் ஒருவரின் முகம் அட்டையில் வந்தால் அந்த ஊரே அந்த இதழை வாங்கும் அல்லவா? இது விளம்பர உத்தி மட்டுமல்ல, ஒரு மரியாதை. "உன் ஆள் எங்கள் இதழுக்கு முக்கியம்" என்று சொல்வது.

இருவரிடமும் காணும் பொதுத்தன்மை ஒன்றுதான். பிரதியை அனுப்பி வைக்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தார்கள், பேசினார்கள், திரும்பி வரும்போது எழுத்தோடு வந்தார்கள்.

வெளியூரில் பிறந்தவை

"தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்துகொண்டு இதழ் நடத்த முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு 'கணையாழி' ஒரு பதில். 1965-இல் அது பிறந்தது டெல்லியில். அமெரிக்க நாளிதழ் ஒன்றின் செய்தியாளராக அங்கிருந்த கி.கஸ்தூரிரங்கன் அதன் நிறுவனர். டெல்லியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த தமிழர்களே அதன் தொடக்ககால எழுத்துக்காரர்களும் வாசகர்களும். சுஜாதாவின் கடைசிப் பக்கம் அதில்தான் வந்தது. பின்னர் சென்னையில் அசோகமித்திரன் அதன் பொறுப்பைப் பல்லாண்டு காலம் சுமந்தார். வெளியூர்த் தமிழரின் அலுவலகம், வாடகை வீடு, மொழிச் சிக்கல் எல்லாம் தமிழ் இலக்கியத்துக்குள் வர அந்த இதழ் ஒரு வாசலாயிற்று. தமிழ்நாட்டு இதழ்களைப் போலவே இன்னொன்று நடத்தியிருந்தால் அதை யார் தேடியிருப்பார்கள்? தாங்கள் இருக்கும் இடத்தை எழுதியதால் தேடினார்கள்.

சிங்கப்பூரின் 'தமிழ் முரசு' மற்றொரு பதில். 1935-இல் வார இதழாகத் தொடங்கி, கோ.சாரங்கபாணியின் உழைப்பால் நாளிதழாக வளர்ந்து இன்றும் வருகிறது. 1950-களில் சாரங்கபாணி 'மாணவர் மணிமன்றம்' என்று பிள்ளைகளுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கினார். பள்ளிப் பிள்ளைகள் எழுதியவை அச்சேறின. அந்தப் பிள்ளைகளில் பலர் பிற்காலத்தில் அந்நாட்டின் தமிழ் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் ஆனார்கள். எண்பது தொண்ணூறு ஆண்டு நிலைத்திருக்க வேண்டுமானால் இன்றைய வாசகர் போதாது, அடுத்த தலைமுறை வாசகரையும் இதழே வளர்க்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

தேதியும் சந்தாவும்

வளர்ச்சிக்கு இரண்டு எளிய ஒழுங்குகள் தேவை. முதலாவது தேதி. மாதம் ஒன்றானாலும் இரண்டு மாதத்துக்கு ஒன்றானாலும், சொன்ன நாளில் வர வேண்டும். பக்கம் குறைந்தாலும் பரவாயில்லை, நாள் தவறக் கூடாது. நாள் தவறும் இதழை வாசகர் கோபித்துக்கொள்வதில்லை, மறந்துவிடுகிறார். மறதி கோபத்தைவிட மோசமானது.

இரண்டாவது சந்தா. இலவசமாகக் கொடுத்தால் எல்லாரும் வாங்கிக்கொள்வார்கள், படிப்பவர் சிலரே. சிறு தொகையாவது கொடுத்தவர் "இன்னும் வரலியே?" என்று கேட்பார். அந்தக் கேள்விதான் ஆசிரியரை எழுத வைக்கும். பாரதியார் ஆசிரியராக விளங்கிய 'இந்தியா' இதழ் சந்தாவை ஆளுக்கேற்ப வகுத்திருந்தது. அரசாங்கத்துக்கு 50 ரூபாய், ஜமீன்தார்களுக்கும் பிரபுக்களுக்கும் அதற்குக் குறைவு, சாதாரண மக்களுக்கு 3 ரூபாய். நகைச்சுவைபோலத் தோன்றினாலும் நியாயமான ஏற்பாடு. இயன்றவர் அதிகம் கொடுத்தால் இயலாதவருக்கும் இதழ் கிடைக்கும். அந்த இதழ் 1908-இல் புதுச்சேரிக்குப் பெயர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரவிடாமல் அரசு தடுத்ததால் 1910-இல் நின்றது. எழுத்து வற்றவில்லை, வாசகர் வெறுக்கவில்லை. கொண்டு சேர்க்கும் வழி அடைபட்டது. கொண்டு சேர்ப்பதும் எழுதுவதைப் போலவே இதழின் உயிர் என்பதற்கு இது பாடம்.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

மேலே கண்டவற்றை நம் நிலைக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலில், நம் இடத்தை எழுத வேண்டும். தமிழ்நாட்டு அரசியலும் சினிமாவும் வேறு இடங்களில் கிடைக்கின்றன. இங்கே மட்டும் கிடைப்பது எது? பழவேற்காடு ஏரிக்கு வரும் பூநாரைகள், நேலப்பட்டில் கூடு கட்டும் கூழைக்கடாக்கள், காளங்கி ஆற்றங்கரைச் செங்காளம்மன் கோயில். எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபரில் சிறிய ரோகிணி ராக்கெட் முதலில் கிளம்பியது. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18-இல் அதே வகை ராக்கெட் வெற்றி கண்டது. 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3 கிளம்பியது. ஆண்டுகள் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. ஆனால் 1979-இல் ராக்கெட் விழுந்த அன்று மாலை குடியிருப்பில் என்ன பேசிக்கொண்டார்கள், சமையல் எந்த வீட்டில் நடந்தது, எந்த வீட்டில் நடக்கவில்லை என்பது நம் பெரியவர்கள் சிலருக்குத்தான் தெரியும். அதைக் கேட்டு எழுதினால் தமிழ்நாட்டில் இருப்பவரும் நம் இதழைக் கேட்டு வாங்குவார்.

அடுத்து, வாசகரே எழுத்தாளராக வேண்டும். பாட்டி சொல்ல, பேரப்பிள்ளை எழுத வேண்டும். எழுத்துப் பிழை வரும், வரட்டும், திருத்திக்கொள்ளலாம். இதழுக்கு மூன்று பிள்ளைகளின் எழுத்து என்று வைத்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டு இதழில் 36 பெயர்கள். தன் பெயர் அச்சான பிள்ளை அதை அடுத்த வீட்டுக்கும் வகுப்புக்கும் சொந்த ஊருக்கும் கொண்டுபோகும். 36 வீடுகள் தலைக்கு மூன்று வீட்டில் காட்டினால் நூறைத் தாண்டிவிட்டது! இதைவிடச் சிறந்த விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. கலைஞர் கருணாநிதி திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோது 'மாணவ நேசன்' என்று கையெழுத்துப் பத்திரிகைதான் நடத்தினார். பிறகு 1942-இல் 'முரசொலி' துண்டு வெளியீடாகத் தொடங்கி, 1960-இல் நாளேடாயிற்று. கையால் எழுதியதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, படிக்கத் தெரியாத பிள்ளையைப் படிக்க வைப்பது. இது நம் இதழுக்கு உள்ள தனிச் சுமை. தெலுங்கு எழுத்துத் தெரிந்த பிள்ளை தமிழில் தடுமாறுவதற்குக் காரணம் சோம்பல் அல்ல. தெலுங்கில் க வரிசைக்கு நான்கு எழுத்து, ஒலிக்கு ஓர் எழுத்து. தமிழில் ஒரே 'க'. 'கடல்' என்பதில் வல்லோசை, 'தங்கம்' என்பதில் மெல்லினத்தைத் தொட்டு வரும் ஓசை, 'மகன்' என்பதில் தளர்ந்த ஓசை. பிள்ளை "எந்த க?" என்று கேட்பது நியாயமான கேள்வி. பதில் எளியது: சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் வல்லோசை; ங், ஞ், ண், ந், ம் பின்னால் மெலியும்; இரண்டு உயிரோசைக்கு நடுவில் தளரும். இந்த ஒரு விதியை ஒரு பக்கத்தில் போட்டு, வீட்டில் புழங்கும் சொற்களையே பெரிய எழுத்தில் கொடுத்தால், பேச்சில் தமிழ் உள்ள பிள்ளைக்குச் சில மாதங்களில் கண்ணும் திறக்கும். ஒலி முன்பே தெரியும், உருவந்தான் புதிது. இதழுக்கு ஒரு பக்கம் இதற்கென்றே ஒதுக்க வேண்டும்.

நான்காவது, உரக்கப் படிப்பது. இதழ் வந்த வார ஞாயிற்றுக்கிழமை, ஏதேனும் ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் கூடிப் படித்துக் காட்டலாம். கண் மங்கிய பெரியவர்கள் கேட்பார்கள், எழுதிய பிள்ளையே எழுந்து படிக்கும். காபி கொடுத்தால் போதும், வேறு செலவில்லை.

ஐந்தாவது, கைகள். ஒரே ஆள் எழுதி, திருத்தி, அச்சிட்டு, விநியோகிக்கும் இதழ் அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் நிற்கும். தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் வேலை இதழைக் கதவில் செருகிவிட்டு வருவதல்ல; பேசிவிட்டு வருவது.

அச்சிட்டு வெளியில் விற்கும் காலம் வந்தால் பதிவு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் இயற்றப்பட்ட பருவ இதழ்ப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. விவரம் தெரிந்தவரைக் கேட்டு, தேவையானதைச் செய்துகொண்டு இறங்குவது நல்லது.

நிறைவாக

இவ்வளவும் சொன்னபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "ஏன் சார், தமிழே படிக்கத் தெரியாத புள்ளைங்க ஊர்ல தமிழ்ப் பத்திரிகையா? வேற வேல இல்லையா?" அவர் கேட்டதில் கேலி இல்லை, வருத்தமே இருந்தது. அவருடைய பேத்திக்கும் தமிழ் எழுத்துத் தெரியாது. என் பதில் இதுதான்: படிக்கத் தெரிந்தவர்கள் போதிய அளவு இருக்கும் ஊரில் இதழ் வெறும் பொழுதுபோக்கு. இல்லாத ஊரில்தான் அது அவசியம். நம் மாவட்டத்தின் பெயர் 2022-இல் நெல்லூரிலிருந்து திருப்பதி என்று மாறியது; அதனால் நம் வீட்டில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் அம்மா எழுதிய கடிதத்தை மகன் பிறரைக் கேட்டுப் படிக்கும் நாள் வந்தால், அன்று மாறியது நம் வீடு. இன்னும் பதினைந்து ஆண்டு கழித்து இந்த மலரையே யார் எடுத்துப் படிப்பார்கள் என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.

ஆயிரம் பேரைத் தேட வேண்டாம். வரும் தைத் திங்களில் முதல் இதழைக் கொண்டுவருவோம். அதற்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பக்கம் எழுத்து வரட்டும்: பெரியவர் சொல்லி, பிள்ளை எழுதியதாக. எழுதத் தெரியாத பிள்ளையானால் தன் பெயரை மட்டுமாவது தமிழில் எழுதட்டும். அந்தப் பெயரையும் அப்படியே, அதன் கோணலோடு, முதல் பக்கத்தில் போடுவோம். சாமி படத்துக்குக் கீழே மடிப்புக் கலையாமல் இருந்த அந்த மூன்று இதழ்களுக்கும் அதுதான் நாம் செய்யக்கூடிய பரிகாரம்.